கடைசி பஸ்ஸிலிருந்து தொடங்குங்கள்: ஊர் ஊராகப் போகும் விஞ்ஞானப் புனைகதை மாநாட்டை மலையகத்தில் நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில் உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒருத்தியை மனதில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். போனில் கிடைக்கிற விஞ்ஞானக் கதைகளையெல்லாம் தேடித் தேடி வாசிக்கிறவள். தானும் இரண்டு கதை எழுதி வைத்திருப்பாள், யாரிடமும் காட்டியிருக்க மாட்டாள். கொழும்பில் ஒரு இலக்கியக் கூட்டம் என்றால் அது அவளுக்கு வேறு கிரகம். விடியுமுன் புறப்பட வேண்டும், இரவு தங்க இடம் வேண்டும், துணைக்கு அம்மாவோ மாமாவோ வர வேண்டும். துணைக்கு வருகிறவருக்கு அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும்.

அவளுக்குப் பக்கத்து டவுனுக்கு மாநாடு வந்தால் மட்டுமே அவள் வருவாள். நாட்டுக்கே பொதுவான ஒரு மாநாடு ஆண்டுக்கு ஒரு ஊராக இடம் மாறிப் போவது உலகில் பல இடங்களில் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, வவுனியா, கொழும்பு என்று சுற்றி வரக்கூடிய அப்படியொரு தமிழ் மாநாட்டை மலையகம் தன் முறை வரும்போது எப்படி எடுத்து நடத்தலாம் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

இந்த மரபு எப்படி வேலை செய்கிறது

1937 ஜனவரியில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் விஞ்ஞானப் புனைகதை ரசிகர்கள் சிலர் கூடினார்கள். ஒரு வகுப்பறையை நிரப்பாத கூட்டம். இந்த வகையில் உலகின் முதல் மாநாடு என்று பலரும் அதைத்தான் சொல்கிறார்கள். அங்கே இருந்தவர்களில் ஒருவர், பின்னாளில் உலகப் புகழ்பெற்ற விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளரான 19 வயது ஆர்தர் சி. கிளார்க். அவர் 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் இறக்கும் வரை இங்கேயே வாழ்ந்தார். ஆக, இந்த மரபின் முதல் பக்கத்திலேயே நம் நாட்டோடு ஒரு தொடர்பு இருக்கிறது.

பிரித்தானியாவின் தேசிய மாநாடு 1955 முதல் ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி ஊர் மாறி நடந்து வருகிறது. அவுஸ்திரேலியாவின் முதல் தேசிய மாநாடு 1952இல் சிட்னியில் நடந்தது. ஜப்பானில் 1962இல் டோக்கியோவில் ஆரம்பித்தது. 1939இல் நியூயோர்க்கில் தொடங்கிய உலக மாநாடு, போர்க்காலத்தில் 4 ஆண்டுகள் நின்று, பிறகு தொடர்ந்தது.

அடுத்த ஊர் எது என்று இவற்றில் முடிவு செய்கிற விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆசைப்படுகிற ஊர்க்காரர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து மாநாட்டுக்கு வந்து, “எங்கள் ஊரில் இந்த மண்டபம் இருக்கிறது, இந்தத் திகதியில் நடத்துவோம், இவ்வளவு செலவாகும்” என்று சபை முன் சொல்வார்கள். உறுப்பினர்கள் கேள்வி கேட்பார்கள், பிறகு வாக்களிப்பார்கள். உலக மாநாட்டின் வாக்குச் சீட்டில் “மேலே உள்ள எதுவும் வேண்டாம்” என்று குறிக்கவும் இடம் உண்டு.

உள்ளே வருகிறவர்கள் வாங்குவது உறுப்புரிமை. டிக்கெட் வாங்கியவருக்கு மேடையைப் பார்க்கத்தான் உரிமை, உறுப்பினருக்கு வாக்கும் உண்டு, வேலையும் உண்டு. நடத்துகிற குழுவுக்குச் சம்பளம் கிடையாது. உலக மாநாட்டில் மிச்சம் வருகிற காசின் ஒரு பகுதியை அடுத்த மாநாடுகளுக்குக் கொடுத்துவிடும் வழக்கமும் இருக்கிறது. இதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

படி 1: ஐந்து பேர், ஒரு பக்கம்

பெரிய கொமிட்டி போடாதீர்கள். தலைவர், உப தலைவர், போஷகர் என்று பதவிகள் பெருகினால் வேலை செய்ய ஆள் இருக்காது. ஐந்து பேர் போதும்: மண்டபமும் அனுமதியும் ஒருவர், காசு ஒருவர், நிகழ்ச்சிகள் ஒருவர், விருந்தினரும் போக்குவரத்தும் ஒருவர், அன்றைய தினத்துத் தொண்டர்களுக்கு ஒருவர். ஐவரில் இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும். தோட்டத்தில் ஒரு தாய் தன் மகளை அனுப்பலாமா என்று யோசிக்கும்போது, “யார் நடத்துறாங்க?” என்பதுதான் முதல் கேள்வி.

பிறகு ஒரே ஒரு பக்கத்தில் விதிகளை எழுதுங்கள். மாநாடு எந்த ஊருக்கும் எந்தக் கட்சிக்கும் எந்தத் தொழிற்சங்கத்துக்கும் சொந்தமில்லை. ஒரே ஊரில் அடுத்தடுத்து இரண்டு முறை நடக்காது. கணக்கு சபையில் வாசிக்கப்படும். மிச்சக் காசு அடுத்த ஊருக்குப் போகும். இந்த நான்கும் இருந்தால் போதும். மேடையில் அரசியல்வாதிக்குப் பொன்னாடை உண்டா என்ற கேள்வி கட்டாயம் வரும். அதற்கு முன்கூட்டியே எழுதி வைத்த விதிதான் உங்களைக் காப்பாற்றும்.

படி 2: ஊரைத் தேர்ந்தெடுத்தல்

வரைபடத்தை வைத்துக்கொண்டு ஊரைத் தேட வேண்டாம். பஸ் நிலையத்துக்குப் போய் டைம் கீப்பரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் எத்தனை மணிக்கு வந்து சேரும்? ஒவ்வொரு தோட்டப் பக்கத்துக்கும் கடைசி பஸ் எத்தனை மணிக்குப் போகும்? வார நாளில் ஓடுகிற பஸ் ஞாயிறு ஓடாமலும் இருக்கலாம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கதை வாசிப்பு நிகழ்வை நடத்தியவர்களில் நானும் ஒருவன். பிரதான எழுத்தாளரைப் பின்னேரம் மூன்றரைக்குப் போட்டிருந்தோம். அவர் எழுந்து மைக்கைப் பிடித்த நேரத்தில் மண்டபத்தில் பாதிப்பேர் எழுந்தார்கள். மரியாதைக் குறைவால் அல்ல, அதை விட்டால் அவர்களுக்கு அன்றைக்குப் பஸ் இல்லை. யாருக்காக நடத்தினோமோ அவர்கள்தான் முதலில் போனார்கள். அந்த நாளுக்குப் பிறகு கடைசி பஸ் நேரத்தை எழுதாமல் நான் நிகழ்ச்சி நிரலில் ஒரு வரிகூடப் போடுவதில்லை.

என் தெரிவில் முதலிடம் ஹட்டனுக்கு. கொழும்பு–பதுளை ரயில் பாதையில் இருக்கிறது. டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா, கொட்டகலை, தலவாக்கலை என்று எல்லாப் பக்கமும் அங்கிருந்து பஸ் பிரிகிறது. பக்கத்தில் கொட்டகலையில் ஆசிரியர் கலாசாலையும் பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியும் இருப்பதால், பயிற்சி ஆசிரியர்களிலிருந்து நல்ல தொண்டர்கள் கிடைப்பார்கள்.

ஊவாப் பக்கம் என்றால் பண்டாரவளை. ஹப்புத்தளை, தியத்தலாவை, பூனாகலைப் பக்கத்தவர்களுக்கு எட்டும். பதுளைதான் ரயிலின் கடைசி நிலையம்; பசறை, லுணுகலை, மடுல்சீமைக்காரர்களுக்கு அதுதான் வசதி. கண்டியில் மண்டபங்களுக்குக் குறைவில்லை, பேராதனைப் பல்கலைக்கழகமும் அருகில். ஆனால் கண்டிக்கு ஏற்கெனவே எல்லாம் வருகிறது, அதன் முறை பிறகு வரட்டும். நுவரெலியாவை நான் தள்ளியே வைப்பேன். தங்கும் செலவு அதிகம், ரயிலில் வந்தால் நானுஓயாவில் இறங்கி வேறு வாகனம் பிடிக்க வேண்டும்.

படி 3: திகதி

இங்கே அவசரப்படாதீர்கள். மலையகத்தில் ஒரு மலையின் இரு பக்கமும் ஒரே காலநிலை கிடையாது. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அதே மாதங்களில், ஜூன் தொடக்கம், பண்டாரவளைப் பக்கம் காய்ந்து கிடக்கும். ஆகவே ஹட்டன் என்றால் பெப்ரவரி, மார்ச். பண்டாரவளை என்றால் ஜூலை, ஆகஸ்ட். ஒக்டோபர், நவம்பர் எந்தப் பக்கத்துக்கும் வேண்டாம். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலை மலையகத்தில் யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. மற்ற மாதங்களிலும், மாநாட்டுக்கு முந்தின வாரம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைத் தினமும் பாருங்கள். உங்கள் பிரதேசத்துக்கு எச்சரிக்கை வந்தால் தள்ளிப்போடுவோம் என்று அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிடுங்கள்.

ஹட்டனுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. டிசம்பர் பௌர்ணமி முதல் மே பௌர்ணமி வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். வார இறுதிகளிலும் போயா நாட்களிலும் ரயிலும் பஸ்ஸும் விடுதிகளும் நிரம்பிவிடும். போயா ஒட்டாத ஞாயிறாகப் பாருங்கள். கண்டி என்றால் எசல பெரஹெராக் காலத்தைத் தவிருங்கள். உயர்தர, சாதாரண தரப் பரீட்சைத் திகதிகளைப் பரீட்சைத் திணைக்களத்தின் அறிவித்தலில் பார்த்துக்கொள்ளுங்கள். சுற்றுவட்டாரத் தோட்டங்களின் கோயில் திருவிழாக்களையும் விசாரியுங்கள், திருவிழா நாளில் ஒருவரும் வரமாட்டார்கள். சம்பளம் கிடைத்த பிறகு வருகிற ஞாயிறு நல்லது, அன்று கையில் பஸ் காசாவது இருக்கும்.

படி 4: மண்டபமும் அனுமதியும்

பாடசாலை மண்டபம்தான் முதல் தெரிவு. அதிபர் சரி என்றால் மட்டும் போதாது, வலயக் கல்விப் பணிமனையிலிருந்து எழுத்தில் அனுமதி வேண்டும். மூன்று மாதத்துக்கு முன்பே கடிதத்தைக் கொடுங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி தனி. பெரிய மண்டபம் ஒன்றும் இரண்டு வகுப்பறையும் இருந்தால் ஒரே நேரத்தில் மூன்று நிகழ்ச்சி நடத்தலாம். மண்டபத்தைப் பார்க்கப் போகும்போது முதலில் கழிவறையைப் பாருங்கள், அப்புறம் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள், மேடையைக் கடைசியில் பார்த்தால் போதும். சக்கர நாற்காலி ஏற முடியாத படிக்கட்டு இருந்தால் அன்றைக்குப் பலகைச் சரிவு ஒன்று அடித்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் தொடர ஒரு சிறு ஜெனரேட்டரை வாடகைக்குப் பேசி வையுங்கள்.

படி 5: காசு

பின்லாந்தின் தேசிய மாநாடு ஊர் மாறி நடக்கிறது, அங்கே நுழைவும் இலவசம். பொது நிதியும் நன்கொடையும் தாங்குவதால் அவர்களால் முடிகிறது. நமக்கு நடுவழி ஒன்று சரிப்படும். மாணவர்களுக்கும் தோட்டத் தொழிலாளர்களுக்கும் உறுப்புரிமை இலவசம், வாக்கு முழுசாக உண்டு. உழைக்கிற மற்றவர்களுக்கு ஒரு கட்டணம். வர முடியாமல் வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்களுக்கு ஆதரவு உறுப்புரிமை: காசு கட்டுவார்கள், மாநாட்டு மலர் அவர்களுக்குப் போய்ச் சேரும்.

மேற்கில் 1950களிலிருந்து ரசிகர் நிதி என்று ஒன்று இருக்கிறது. ரசிகர்கள் சேர்ந்து காசு போட்டு, வாக்கெடுத்து, ஒரு சாதாரண வாசகரை அட்லாண்டிக் தாண்டி அடுத்த கரை மாநாட்டுக்கு அனுப்புவார்கள். அதன் சிறு வடிவத்தை நாமும் செய்யலாம். ஒவ்வொரு ஆண்டும் மாநாடு நடக்காத பகுதியிலிருந்து ஒரு வாசகரை முழுச் செலவும் கொடுத்து அழைத்து வருவது. மன்னாரிலிருந்து ஒரு பிள்ளை ஹட்டனுக்கு வந்து இரண்டு நாள் தங்கிப் போனால், மாநாடு தேசிய மாநாடாவது அங்கிருந்துதான்.

வரவு செலவை ஒரு கொப்பியில் எழுதுங்கள். ரசீதுகளை ஒட்டி வையுங்கள். கையில் வராத நன்கொடையை நம்பி ஒரு ரூபாவும் செலவழிக்காதீர்கள்.

படி 6: விருந்தினர்

இரண்டு பேர் போதும்: ஒரு எழுத்தாளர், ஒரு விஞ்ஞானி. பயணமும் தங்குமிடமும் சாப்பாடும் உங்கள் பொறுப்பு. காலை முதல் முடியும் வரை கூடத்தில் இருந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பாரா என்று அழைக்கும்போதே கேளுங்கள். பேசிவிட்டு உடனே போகிறவர் எவ்வளவு பெரியவரானாலும் இதற்குப் பொருந்த மாட்டார். அந்த எழுத்தாளர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுகிற இலங்கையராகவும் இருக்கலாம். கொழும்பு எழுத்தாளர் ஒருவரின் ஆங்கில நாவலுக்கு விஞ்ஞானப் புனைகதைக்கான நெபுலா விருது, 2023ஆம் ஆண்டுக்கானது, கிடைத்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்க்க இரண்டு ஆசிரியர்கள் இருந்தால் மொழி தடையாகாது.

படி 7: நிகழ்ச்சிகள்

இதில்தான் மலையகம் மற்ற ஊர்களுக்குக் கிடைக்காத செல்வத்தோடு நிற்கிறது. வெளியிலிருந்து தலைப்புகளை இறக்குமதி செய்யத் தேவையே இல்லை.

லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) கூரைகளில் இருக்கிற டிவி டிஷ்களிலிருந்து ஆரம்பியுங்கள். பக்கத்துப் பக்கத்து வீட்டில் ஒரே கம்பனியின் டிஷ் இரண்டு இருந்தால் இரண்டும் ஒரே திசையைப் பார்க்கும், இரவு பகல் அசையாது. ஏன்? பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செய்மதி பூமியோடு ஒரே வேகத்தில் திரும்புவதால், நமக்கு அது ஒரே இடத்தில் நிற்பது போல இருக்கிறது. அப்படிப்பட்ட மூன்று செய்மதிகளால் உலகம் முழுக்கத் தொடர்பாடலாம் என்று கிளார்க் 1945இல் ஒரு கட்டுரையில் எழுதினார். பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் டிஷ்ஷைக் காட்டி இதைச் சொல்லுங்கள். அவர்கள் வீட்டுக் கூரைக்கும் விண்வெளிக்கும் இடையில் ஒரு கோடு விழும்.

அந்தக் கோட்டிலேயே அடுத்த அமர்வு. 1979இல் வெளிவந்த கிளார்க்கின் நாவல் ஒன்றில் பூமியிலிருந்து விண்வெளிக்கு மின்தூக்கி கட்டுகிறார்கள். அதன் அடித்தளம் நிற்கிற மலை நம் சிவனொளிபாதமலையை மாதிரியாக வைத்து எழுதியது. அந்தத் தூக்கிக்குக் கயிறு பூமத்திய ரேகையிலிருந்து போக வேண்டும், இலங்கையோ அதற்கு வடக்கே இருக்கிறது. ஆகவே கதைக்காகத் தீவையே 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்தினார். அடுத்த ஆண்டு அந்த நாவலுக்கு உலக மாநாட்டின் ஹியூகோ விருது கிடைத்தது. மஸ்கெலியாப் பிள்ளைகள் ஜன்னலைத் திறந்தால் தெரிகிற மலை அது. “அந்தத் தூக்கி இங்கே வந்தால் மலையடிவாரத்துத் தோட்டங்களுக்கு என்ன ஆகும்? யாரை வீட்டிலிருந்து எழுப்புவார்கள், யாருக்கு வேலை கிடைக்கும்?” என்று கேட்டு விவாதத்தைத் திறந்துவிடுங்கள்.

மூன்றாவது, கோப்பி நோய். 1869இல் இலங்கையின் கோப்பி இலைகளில் ஒரு பூஞ்சை அடையாளம் காணப்பட்டது. இருபது ஆண்டுக்குள் ஒரு நாட்டின் கோப்பிப் பயிர் கிட்டத்தட்ட முழுவதும் அழிந்து, மலைகள் தேயிலைக்கு மாறின. இது கற்பனை இல்லாத பேரழிவுக் கதை, நாம் அதன் மிச்சத்தில் வாழ்கிறோம். தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஒரு கடிதம் போட்டு, நோய்கள் பற்றிப் பேசக்கூடிய ஒருவரைக் கேளுங்கள். அவர் அரை மணி பேசியதும், எல்லாரும் ஒரு பக்கக் கதை எழுதட்டும்: தேயிலைக்கு அப்படியொரு நாள் வருகிறது.

நான்காவதை மிகக் கவனமாகச் செய்யுங்கள். ஒரு தலைமுறை புறப்பட்டு வேறொரு தலைமுறை போய்ச் சேரும் விண்கலக் கதைகள் இந்த இலக்கியத்தில் ஏராளம். நம் பாட்டன் பூட்டிகள் கடல் தாண்டித் தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தவர்கள். அதன் 200 ஆண்டு நினைவாக 2023இல் அதே வழியில் மக்கள் நடந்தார்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால், இங்கேயே பிறந்தவர்கள் நாடற்றவர்களானார்கள். வேற்றுக் கிரகக் குடியேற்றத்தில் பிறந்து எந்தக் கிரகத்துக்கும் சொந்தமில்லாத குழந்தையைப் பற்றி உலகில் யார் எழுதுவதை விடவும் இந்தப் பிள்ளைகள் எழுதுவது ஆழமாக இருக்கும். தோட்டத்துப் பெரியவர்கள் இரண்டு பேரை முன்வரிசையில் உட்காரவைத்து முதலில் அவர்களைப் பேசவிடுங்கள். எழுதுவது பிறகு. அழுகை வரும், அதற்கு நேரம் ஒதுக்கி வையுங்கள்.

இந்த வகை மாநாடுகளில் வேடப் போட்டி ஒரு பழைய வழக்கம். நமக்குக் காமன் கூத்து இருக்கிறது. தோட்டமே வேடம் கட்டி, தப்பு முழங்க, இரவு முழுக்க ஆடும் கலை அது. கூத்து வாத்தியார் ஒருவரை அழைத்து, முகம் எழுதுவதையும் உடை கட்டுவதையும் சொல்லித்தரச் சொல்லுங்கள். உர பேக்கும் பழைய சைக்கிள் ட்யூபும் வைத்து வேற்றுக் கிரக உடை செய்யட்டும் பிள்ளைகள். வாத்தியாருக்கும் தப்புக் கலைஞர்களுக்கும் பேசிய தொகையை அன்றே கையில் கொடுங்கள். “கௌரவிக்கிறோம்” என்று மாலை போட்டு அனுப்பிவிடுவது சரியில்லை.

முந்தின இரவு தங்குகிறவர்களுக்கு வானம் பார்க்கலாம். மொரட்டுவையில் உள்ள ஆர்தர் சி. கிளார்க் நிறுவனத்தில் 45 சென்டிமீட்டர் தொலைநோக்கி இருக்கிறது, அங்கிருப்பவர்களிடம் ஆலோசனை கேட்டு எழுதுங்கள். மிஸ்ட் இறங்கினால் ஒன்றும் தெரியாது, அதற்கு மாற்றாக ஒரு கதை வாசிப்பை வைத்திருங்கள்.

கதைப் பட்டறை ஒரு மேசைக்கு எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். கதைகள் இரண்டு வாரத்துக்கு முன்பே வரட்டும், கையெழுத்துப் பிரதியைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். பெயர் போட விரும்பாதவர்களுக்குப் புனைபெயர் சரி.

நேர ஒழுங்கு இப்படி இருக்கட்டும்: காலை ஒன்பதரைக்குத் தொடக்கம், குத்துவிளக்கும் வரவேற்பும் பத்து நிமிடம். கனமான அமர்வுகள் எல்லாம் ஒரு மணிக்கு முன். சாப்பாடு முடிந்ததும் வாக்கெடுப்பு. கடைசி பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலம் முன்பே முடிவு. தங்குகிறவர்கள் அதன் பிறகு விடிய விடியப் பேசிக்கொள்ளலாம்.

படி 8: அன்றைய நாள்

பதிவு மேசையில் பெயர் அட்டையும், “எந்த ஊர், எந்த பஸ்” என்று குறிக்க ஒரு கொப்பியும் வையுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோரின் கடிதம் வாங்குங்கள். யாரும் யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது, சாதியோ தோட்டமோ சொல்லி இழிவுபடுத்தக்கூடாது, அனுமதி இல்லாமல் படம் பிடிக்கக்கூடாது என்ற விதிகளைப் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். முறைப்பாடு சொல்ல இரண்டு பேரின் முகத்தைக் காலையிலேயே மேடையில் காட்டுங்கள், ஒருவர் பெண். சிறு குழந்தையோடு வருகிற அம்மாமாருக்கு ஒரு வகுப்பறையைப் பிள்ளைக் காம்பராவாக ஒதுக்குங்கள். சத்தம் தாங்காதவர்கள் உட்கார இன்னொரு மூலை. குளிருக்கு நாலைந்து கம்பளி.

தேத்தண்ணியில் சிக்கனம் வேண்டாம். கொழுந்து பறிக்கிற குடும்பங்களில் பலருக்குக் கிடைப்பது மட்டமான தூள்தான். பக்கத்துத் தொழிற்சாலையில் நல்ல பி.ஓ.பி. ரகத் தேயிலை வாங்கி, அன்றைக்கு எல்லாருக்கும் அதையே ஊற்றுங்கள். மத்தியானத்துக்கு ரொட்டி, சம்பல், பருப்பு.

படி 9: வாக்கும் கையளிப்பும்

அடுத்த ஊருக்கு ஆசைப்படுகிற ஒவ்வொரு குழுவுக்கும் பத்து நிமிடம் பேச, பத்து நிமிடம் கேள்விக்கு. அவர்களிடமும் கடைசி பஸ் நேரத்தைக் கேளுங்கள். சீட்டில் இரகசிய வாக்கு, “எதுவும் வேண்டாம்” என்ற கட்டமும் இருக்கட்டும். ஒரே ஒரு ஊர்தான் முன்வந்தாலும் வாக்கெடுப்பைக் கைவிடாதீர்கள். சபை முன்பே எண்ணி அறிவியுங்கள்.

பிறகு ஒரு தகரப் பெட்டி கைமாறும். அதற்குள் கணக்குக் கொப்பி, மிச்சக் காசின் ரசீது, மின்னஞ்சல் கடவுச்சொல், உறுப்பினர் பட்டியல், பெயர் அட்டைக் கயிறுகள், ஆண்டும் ஊரும் அச்சிடாத பதாகை. இவற்றோடு எங்கே தவறினோம் என்று ஐந்து பேரும் கையால் எழுதிய ஒரு கொப்பி. அதை அன்றே எழுதுங்கள், ஒரு வாரம் போனால் மறந்துவிடும், இல்லாவிட்டால் மனம் அதை அழகாக்கிவிடும்.

இவ்வளவும் நடக்கும்போது ஒரு தொண்டர் பஸ் நிலையத்தில் நிற்கட்டும், பதிவு மேசைக் கொப்பி அவர் கையில் இருக்கட்டும். பொகவந்தலாவை, மஸ்கெலியா என்று ஒவ்வொரு பஸ்ஸாகப் புறப்படும்போது அந்தப் பெயர்களில் குறி போட்டு வருவார். கடைசிப் பெயருக்குக் குறி விழுந்த பிறகு மேசையை மடக்குங்கள்.